வரைந்தவர் எல்லாம் இயக்குநரா?
"காட்சியைத் தாளில் வரையத் தெரிந்தவருக்கு இயக்கம் பாதி கைவந்த மாதிரி" என்று சினிமா இயக்கம் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஜோ ஜான்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸுக்கு விண்கலங்களும் ஸ்டோரிபோர்டும் (படமெடுக்கும் முன் காட்சிகளை ஷாட் ஷாட்டாக வரைந்து வைப்பது) வரைந்தவர், 1989-ல்தான் 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்' மூலம் இயக்குநரானார். இடையில் 12 வருடம். அதில் திரைப்படப் பள்ளிக்கும் போய்ப் படித்தார். பென்சிலே போதுமென்றால் அது எதற்கு? அந்தப் பக்கம் கிறிஸ்டியன் ரிவர்ஸ். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இயக்குநர் பீட்டர் ஜாக்சனிடம் பல வருடம் ஸ்டோரிபோர்டு வரைந்தவர், 'கிங் காங்' படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கர் வேறு வாங்கியவர். அவர் இயக்கிய 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' (2018) படத்தில் சக்கரத்தில் உருளும் நகரங்கள் அசத்தல்தான், ஆனால் மனிதர்கள் ஒருவரும் மனதில் நிற்கவில்லை, வசூலிலும் படுத்துவிட்டது. நானும் ஒருமுறை குறும்படத்துக்கு 60 ஃபிரேம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஷாட்டிலேயே நடிகை, "இந்த இடத்தில் நான் ஏன் திரும்பிப் பார்க்கிறேன்?" என்று கேட்டார். அப்படித் திரும்பினால் ஃபிரேம் அழகாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. சரி, நீங்களே செய்யுங்கள் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவர் திரும்பாமலே நின்ற ஷாட்தான் படத்தில் இருக்கிறது.