ஆப்ஷன்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரொக்கத்தை எண்ணுங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம சிங்கப்பூர் குழுவில அந்தத் தம்பி போட்ட பதிவைப் பார்த்திருப்பீங்க. பேசின விலையைவிட மதிப்பு குறைவா வந்ததால, ஆப்ஷனுக்கு, அதாவது வீட்டை நமக்காகப் பிடிச்சு வைக்கிற ஒப்பந்தத்துக்கு, கொடுத்த ஆயிரம் வெள்ளியும் போச்சு, வீடும் போச்சுன்னு எழுதியிருந்தார். கீழே வந்த பதில்கள்தான் ரெண்டு நாளா என்னைத் தூங்க விடலை. "படிச்ச புள்ளைங்க, இதுகூடவா தெரியாது?"

தெரியாதுங்க. எனக்கும் தெரியாது.

2017ல ஈசூன்ல ஒரு நாலறை வீடு. பேசின விலை 365,000 வெள்ளி. "வேல்யுவேஷன் விலைக்கு வந்துடும் அண்ணே"ன்னு ஏஜண்ட் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். வீவக, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், போட்ட மதிப்பு 347,000ன்னு வந்துச்சு. மதிப்புக்கு மேல இருக்கிற அந்த 18,000 வெள்ளிக்கு வீட்டுக் கடன் கிடையாது, மசே நிதியையும் (மத்திய சேம நிதி) தொட முடியாது. முழுக்க ரொக்கம். ஆப்ஷன் செல்லுபடியாகுறது 21 நாள்தான்.

சிராங்கூன் ரோடு அடகுக் கடையில என் மனைவி வளையலைக் கழட்டினா. மூணு வந்துடுச்சு, நாலாவது வரலை. கடைக்காரர் ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி கொண்டுவந்து வச்சார். அவ கையைத் தேய்ச்சுக் கழட்டி முடிக்கிற வரைக்கும் என்னை நிமிர்ந்தே பார்க்கலை. அப்புறம் மூணை மீட்டோம். ஒண்ணு முழுகிப்போச்சு.

"ஆயிரத்தை விட்டுட்டு வந்திருக்கலாமே"ன்னு கேட்பீங்க. கணக்குப்படி சரிதான். ஆனா அவ அதுக்குள்ள சாமி அலமாரிக்குச் சுவரை அளந்து வச்சிருந்தா. அதோட, அந்தத் தம்பி நீங்க சொல்றதைத்தானே செஞ்சார்? விட்டுட்டு வந்தவரையும் சிரிக்கிறீங்க. அப்போ என்னதான் செய்யணும்?

அதனால திரும்பச் சொல்றேன், கையெழுத்துக்கு முன்னாடி ரொக்கத்தை எண்ணுங்க. வீவக தர்ற எச்எஃப்இ தகுதிக் கடிதம் வந்துடுச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்க. உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்னு அது சொல்லும், மதிப்பு எவ்வளவு குறையும்னு சொல்லாது. 600,000க்குப் பேசின வீட்டுக்கு 570,000 மதிப்பு வந்தா, வீவக கடன் 570,000ல முக்கால் பங்குதான், அதிகபட்சம் 427,500. மேல இருக்கிற 30,000 கையில இருக்கணும். முத்திரை வரி 12,600 தனி. அதே புளோக்ல, அதே அளவு வீடு சமீபத்துல எவ்வளவுக்குப் போச்சுன்னு வீவக இணையத்தளத்துலயே இருக்கு. பார்த்துட்டு விலை பேசுங்க.

முதல்ல விலை, அப்புறம் மதிப்புன்னு 2014 மார்ச்சுல மாத்தினது நல்லதுக்குத்தான்னு ஒருத்தர் விளக்கம் எழுதியிருந்தார். இருக்கட்டும். விதியை நான் குத்தம் சொல்லலை. விதி தெரிஞ்சவங்க வாயைத் திறக்கலையேன்னுதான் சொல்றேன்.

எங்க அக்கா கதையும் அதேதான். ஒரு புளோக்ல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உச்ச விகிதம் உண்டு; அவங்க புளோக்ல சீனர் விகிதம் நிரம்பியிருந்துச்சு. வீட்டைப் பார்த்த சீனத் தம்பதிக்குப் பிடிச்சிருந்தும் விற்க முடியலை. சீனர் அல்லாத ஆள் கிடைக்க எட்டு மாசம், அதுவும் விலையை இறக்கி. 1989லேர்ந்து இருக்கிற விதி. அவங்க வாங்கின அன்னைக்குக் கூட வந்த சொந்தக்காரங்க நாலு பேருக்கும் அது தெரியும். பால் காய்ச்சின அன்னைக்கு வடையும் பாயசமும் சாப்பிட்டுட்டு ஒருத்தரும் சொல்லலை. விற்கப் போனப்போதான் "முன்னாடியே தெரியுமே"ன்னாங்க.

அந்த "முன்னாடியே தெரியுமே"தான் எனக்குத் தாங்கலை. தெரிஞ்சதை நேரத்துக்குச் சொல்லாம, ஒருத்தன் விழுந்த பிறகு சொல்றதுல யாருக்கு என்ன லாபம்? அந்தத் தம்பி கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகுது. அவர் மனைவியும் அந்தப் பதில்களை வாசிச்சிருப்பாங்க.

தம்பி, பதிவை எடுத்துட்டீங்கன்னு இன்னைக்குக் காலையில பார்த்தேன். அடுத்த வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடி இன்பாக்ஸ்ல ஒரு வரி போடுங்க. என் 2017 கணக்கு நோட்டு இன்னும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ரெண்டு பேரும் வாங்க, பக்கம் பக்கமாப் பார்ப்போம்.