மசினகுடி வர்றீங்களா, காசு யார் கைக்கு போகுதுன்னு பாத்து குடுங்க

லீவு விட்டாச்சு, இன்பாக்ஸ்ல "நீலகிரி மசினகுடில நல்ல ரிசார்ட் சொல்லுங்க ப்ரோ, புலி கண்டிப்பா தெரியணும்"னு மெசேஜா வந்துட்டு இருக்கு. எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட்டு முடியாது, அதான் இங்கயே எழுதறேன்.

புலி தெரியும்னு எவன் கேரண்டி குடுக்கறானோ அவன்கிட்ட போகாதீங்க. கண்டிப்பா பாக்கணும்னா வண்டலூர் இருக்கு. இந்த கேரண்டிக்காகத்தான் ராத்திரில ஜீப் எடுத்துட்டு லைட் அடிச்சு சுத்தறது, ரிசார்ட் பின்னாடி உப்பு கொட்டி மானை வரவழைக்கறது எல்லாம். மான் வந்தா பின்னாடியே சிறுத்தை வரும், வந்தது பக்கத்து ஊருக்குள்ள போய் ஆட்டை தூக்கும், அந்த ஆடு ரிசார்ட் ஓனரோடதா என்ன? 2021 ஜனவரில மாவனல்லா பக்கம் யானை மேல எரியற டயரை வீசின வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அந்த யானை செத்தே போச்சு. அது நடந்ததும் டூரிஸ்ட் தங்கற எடத்துலதான்.

மசினகுடியைச் சுத்தி இருக்கற சீகூர் பக்கம்ங்கறது மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவுல யானை போய்வர்ற வழி. அந்த எடத்தை யானை வழித்தடம்னு அரசு போட்ட அறிவிப்பு செல்லும், அங்க ரிசார்ட் இருக்கக்கூடாதுன்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப இங்க ஊரே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. எனக்கு தீர்ப்பு சரின்னுதான் படுது, ஆனா அடி யாருக்கு விழுந்துச்சுன்னு பாருங்க, வெளியூர் ஓனருக்கு வேற ஊர்ல வேற எடம் இருக்கும், பெட்ஷீட் மாத்திட்டு இருந்த அக்காவுக்கும் லோன்ல ஜீப் வாங்கின பையனுக்கும் என்ன இருக்கு? காட்டை நம்பி சம்பாதிச்சது ஒருத்தன், காட்டுக்காக நஷ்டப்பட்டது இன்னொருத்தன். இதை மாத்தாம சூழல் சுற்றுலான்னு போர்டு மாட்டி பிரயோஜனமே இல்ல.

மாத்த முடியாதான்னா முடியும். பொள்ளாச்சிலேருந்து டாப்சிலிப் வழியா பரம்பிக்குளம் போய் பாருங்க, காடு கேரளாவோடது, ரோடு நம்ம பக்கம். அங்க கைடா வர்றவங்க அந்த காட்டுக்குள்ளயே குடியிருக்கற காடர், மலசர் மாதிரி பழங்குடி ஆளுங்க. தேக்கடில இன்னும் ஒரு படி மேல, காட்டுக்குள்ள திருட்டுத்தனமா பட்டை உரிச்சிட்டு இருந்தவங்களையே 90கள்ல கூப்பிட்டு கைடு வேலையும் காவல் வேலையும் குடுத்தாங்க. நம்ம பக்கம் மட்டும் ஆளுக்கா பஞ்சம்? 2021ல ஆளை அடிச்சுதுன்னு டி23ங்கற புலியை 21 நாள் தேடி சுடாம உயிரோட பிடிச்சாங்களே, அதுல கால்தடம் பாத்து வழி காட்டினவங்கள்ல நம்ம முதுமலை பழங்குடி ஆளுங்களும் இருந்தாங்க. அந்த மாதிரி ஒரு ஆள் ரிசார்ட்ல கேட் திறந்து விட்டுட்டு நிக்கறதை பாத்தா எரிச்சலா வருது.

அப்புறம் மழைக்காடு பாக்கணும்னு மசினகுடிக்கு வராதீங்க சாமி, அது மழை மறைவு பக்கம், முள்ளுக்காடு. மழைக்காடு மாதிரி இருக்கற சோலைக்காடு மலை மேல இருக்கு. கோத்தகிரி லாங்வுட் சோலை 2024ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்துச்சு, சுத்துவட்டாரத்துக்கு தண்ணியே அதுலேருந்துதான். அங்க ஒரு தடவை பெர்மிஷன் வாங்கி குரும்பர் பழங்குடி அண்ணன் ஒருத்தர் கூட போனோம். பாசி வழுக்குது, அட்டை ஷூ லேஸ் ஓட்டைக்குள்ளயே பூந்து வருது, மேல எங்கயோ சிரிப்பான் குருவி கத்துது. திடீர்னு அண்ணன் கையை நீட்டி நிறுத்திட்டாரு. எங்களுக்கு ஒண்ணுமே தெரியல, அவருக்கு வாசம் வந்திருக்கு. "காட்டு மாடு, கன்னு போட்டிருக்கு, திரும்பிடலாம் சார்". கூட வந்த ஒருத்தர் "காசு குடுத்துட்டு பாதிலயே திரும்பணுமா"ன்னு குதிச்சாரு. நான் சொல்றேன், அந்த காசே திருப்பி கூட்டிட்டு வந்ததுக்குத்தான்.

நீலகிரிக்குள்ள வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் 2024 மே மாசத்துலேருந்து இருக்கு, மறக்காம எடுத்துட்டு வாங்க. அது வண்டிக் கணக்குக்கு மட்டும்தான், மிச்சத்தை நீங்கதான் கேக்கணும். ரூம் போடறதுக்கு முன்னாடி போன்லயே கேளுங்க, கைடு எந்த ஊர்க்காரர், அவருக்கு சீசன் இல்லாதப்பவும் சம்பளம் உண்டா, தண்ணி ஆத்துலேருந்து உறிஞ்சறீங்களா, வேலில கரண்ட் விட்டிருக்கீங்களா. இதுக்கெல்லாம் பதில் சொல்லாம கேம்ப் ஃபயர் ஃப்ரீ, டிஜே ஃப்ரீன்னு ஆரம்பிச்சா போனை வச்சிருங்க.