பெயர் மறந்துபோகும், செய்தது நிற்கும்

நல்ல மனிதர் ஒருவர் இறந்துவிட்டால் "நம் நினைவில் என்றும் வாழ்வார்" என்று எழுதுகிறோம். ஆறுதலுக்குச் சொல்வது, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. நினைவு அவ்வளவு தூரம் வராது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியுமா? சரி, அவருடைய அப்பாவின் பெயர்? அவர் இளகிய மனதுக்காரரா, கடுமையானவரா, யாருக்காவது உதவினாரா? முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நன்மை நிலைப்பது நினைவை நம்பித்தான் என்றால், இரண்டு மூன்று தலைமுறையில் எல்லாருடைய நன்மையும் அழிந்துபோயிருக்க வேண்டும்.

அழியவில்லை என்பதுதான் என் கட்சி. ஒருவர் செய்த நல்லது, அவருடைய பெயரும் முகமும் மறைந்த பிறகும், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்கள் வழியாக நடந்துகொண்டிருக்கிறது. புகழ் வேறு, இது வேறு.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 2025 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தார். பதினான்கு வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. முன்பின் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். பதினெட்டு வயதானதும் தானும் ரத்தம் கொடுக்கப் போனார். ஊசி குத்துவதை அவரால் பார்க்க முடியாதாம், ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அப்படியே 81 வயதுவரை 1,100 முறைக்கு மேல் கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஆன்டி-டி என்ற அபூர்வமான எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், வயிற்றுக் குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால், தாயின் உடலே குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் ஊசிமருந்தை இந்த எதிர்ப்பொருளிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். அவருடைய தானம் சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியது என்று அந்நாட்டு ரத்ததான அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

செய்தியில் வந்தவர் ஹாரிசன். எனக்கு மனதை விட்டுப் போகாதவர்கள், 1950களின் தொடக்கத்தில் அந்தச் சிறுவனுக்கு ரத்தம் கொடுத்தவர்கள். அது யாருக்குப் போனது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கொடுத்தார்கள், எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இன்று அநேகமாக எவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயரைச் சேர்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் விஷயத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இன்னொருவர் திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர். 1971இல் வங்கதேசப் போர் நடந்தபோது லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. மருத்துவமனையில் தரை முழுக்க நோயாளிகள். அவர்களுடைய வாந்தியிலும் கழிவிலும் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அப்போது அவர் எடுத்த முடிவு இது: உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. டாக்காவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த முறையை ஆய்வு செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் இவ்வளவு பெரிய கூட்டத்தில், இப்படிப்பட்ட நெருக்கடியில், யாரும் முயன்றதில்லை. டிரம்களில் கரைசலை நிரப்பி வைத்தார்கள். நோயாளிகளின் அம்மாவும் அக்காவும் அண்ணனும் டம்ளர் டம்ளராக எடுத்துப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சலைன் ஏற்றப் பயிற்சி பெற்ற கை வேண்டும். டம்ளரைப் பிடித்துப் புகட்ட எந்தக் கையும் போதும். உயிரைக் காக்கும் வேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாமல், எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கையிலும் அவர் கொடுத்துவிட்டார். அதனால்தான் அது அவரோடு நிற்கவில்லை. 2022 அக்டோபரில் அவர் இறந்தார். இன்று ராத்திரி, வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்காக உலகில் எங்கோ ஒரு தாய், இதே மாதிரி தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இவர் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, குழந்தை பிழைத்தால் போதும்.

"நான் இல்லாவிட்டால் இங்கே எதுவும் நடக்காது" என்று பெருமைப்படும் நல்லவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்கும் கற்றுக்கொடுக்காமல், யாரையும் கூடச் சேர்க்காமல் செய்தால், அவர்கள் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது.

உலகம் முழுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. என் அம்மா, குழந்தைகள் ஏதாவது சொல்ல வந்தால், நின்றுகொண்டு கேட்க மாட்டார். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, "ம், இப்போ சொல்லு" என்பார். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. அவர் இறந்த பிறகு பிறந்தவள் என் தங்கை மகள். சமீபத்தில் அவள் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதபோது அதே மாதிரி உட்கார்ந்து, அதே மாதிரி "ம், இப்போ சொல்லு" என்றாள். பாட்டியை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். என் தங்கையிடமிருந்து ஒட்டிக்கொண்டது, என் தங்கைக்கு அம்மாவிடமிருந்து.

தீமையும் இப்படித்தான் தொடர்கிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். அடிவாங்கி வளர்ந்தவர் தன் பிள்ளையை அடிக்கிறார். அவமானப்படுத்திய மேலதிகாரியிடம் வேலை கற்றவர், தான் மேலே வந்ததும் அதையே செய்கிறார். நல்லது கட்டாயம் ஜெயிக்கும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. நல்லது தானாக நிற்காது, யாராவது எடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படை முற்றுகையிட்டதை நினைத்துப் பாருங்கள். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரிவரை நகரமே பட்டினி கிடந்தது. அங்கே ஒரு தாவர ஆராய்ச்சி நிலையம். தாவர விஞ்ஞானி நிகோலாய் வவிலோவும் அவருடைய சகாக்களும் உலகம் முழுக்க அலைந்து சேர்த்த விதைகள் அங்கே இருந்தன. வவிலோவை 1940லேயே ஸ்டாலின் அரசு கைது செய்துவிட்டது. 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில் அவர் இறந்தார். விதைகள் என்ன ஆயின என்ற கவலையோடுதான் அவர் இறந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவருடைய சகாக்கள் அவற்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் தானியம், அதைத் தொடாமல் பலர் பட்டினியில் செத்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் நெல் மூட்டைகளுக்கு நடுவிலேயே இறந்தார். இன்னும் பிறக்காதவர்களின் சாப்பாட்டுக்காக அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள். வவிலோவோடு முடிந்திருக்க வேண்டியது, அவர்களால் முடியாமல் போனது.

அதனால்தான் சாவு வீட்டில் நாம் கவனிக்க வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன என்று நினைக்கிறேன். இறந்தவர் கண்தானம் செய்ய ஆசைப்பட்டிருந்தால், அந்த ஆசை நிறைவேறுவது வீட்டில் இருப்பவர்கள் உடனே செய்யும் ஒரு போன் காலில் இருக்கிறது. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், வயதானவர் என்று எதுவும் பொதுவாகத் தடையில்லை. அழுகைக்கு நடுவே யாராவது ஒருவருக்கு இது ஞாபகம் வர வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. அவர் யாருக்கெல்லாம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்று விசாரியுங்கள். நல்ல மனிதர் ஒருவர் இறந்தால், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சிலருக்கு அன்றோடு ஏதோ ஒன்று நின்றுபோகிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவாக இருக்கலாம், தனியாக இருக்கும் ஒருவருக்கு வாரம் தவறாமல் வந்த போனாக இருக்கலாம். அவர்கள் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். என் நண்பன் அவன் அப்பாவின் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, மாதாமாதம் ஒருவருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. யார் என்று விசாரித்தான், அவருக்கு அது எவ்வளவு தேவை என்று புரிந்தது. அடுத்த மாதம் தன் கணக்கிலிருந்து அனுப்பினான். இப்போதும் அனுப்புகிறான்.