பட்ஜெட் மாறினால் ஜீவனாம்சமும் மாறுமா?
"பட்ஜெட்டில் வரி மாறும்போதெல்லாம் ஜீவனாம்சத்தையும் பிள்ளைச் செலவையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்" என்று ஒரு கட்டுரை சொல்வது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாதிரி சூத்திரம் வைத்துக் கணக்குப் போடும் இடத்துக்குச் சரி. நம் மலேசியாவின் 1976 திருமண, மணவிலக்குச் சட்டத்தில் அப்படிச் சூத்திரம் எதுவும் கிடையாது. கொடுப்பவரின் வசதியையும் வாங்குபவரின் தேவையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார். பிறகு மாற்றக் கேட்டால், சூழ்நிலை கணிசமாக மாறியதைக் காட்ட வேண்டும். 2023-இல் 35,000 முதல் 100,000 வெள்ளி வரையிலான வருமானப் படிகளில் வரியை 2 விழுக்காட்டுப் புள்ளி குறைத்தார்களே, அதில் அதிகபட்ச மிச்சம் ஆண்டுக்கு 1,300 வெள்ளி. மாதம் நூற்றுச் சொச்சம். அதற்காக வக்கீலுக்குக் கொட்டி அழுவதா? செந்தூலில் இருக்கும் என் தங்கை வழக்கில் இடித்தது வேறு. அவளுடைய முன்னாள் கணவர் நீட்டிய சம்பளச் சீட்டில் மாத வரிப்பிடித்தம் பெரிதாக இருந்தது, கைக்கு வருவது குறைவாகத் தெரிந்தது. கழிவெல்லாம் போக வரி வாரியம் பிறகு திருப்பித் தந்த பணம் அந்தச் சீட்டில் எங்கே இருக்கும்? அவர் இணையத்தில் வரி தாக்கல் செய்த இ-ஃபைலிங் கணக்கைக் கேட்டு வாங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஜீவனாம்சம், பிள்ளைச் செலவு என்று கட்டுகிற தொகை முழுவதற்கும் வரிக்கழிவு உண்டு என்கிறார். இல்லை. இந்தக் கழிவு முன்னாள் மனைவிக்குக் கொடுப்பதற்கு மட்டும்தான்; மறுமணம் செய்திருந்தால் இப்போதைய மனைவிக்கான கழிவையும் சேர்த்தே 4,000 வெள்ளி உச்சவரம்பு. எழுத்தில் முறையான ஒப்பந்தம் இல்லாமல், வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் கிடைக்காது.