நர்மதை மட்டும் இடது கைப் பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காவேரிப்பட்டணத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகள் நர்மதை, தபதி... மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகள் நர்மதை, தபதி" என்று வாய்க்குள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "கோதாவரி... இல்ல, மகாநதி..." மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் தப்பு. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "எனக்கு மண்டையில எதுவுமே நிக்க மாட்டேங்குதுண்ணா. பொது அறிவே இல்ல எனக்கு" என்றாள்.

சித்தப்பா முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். முப்பது வருஷம் லைன் லாரி ஓட்டியவர். கையில் இருந்த கடலையை அப்படியே வைத்துவிட்டு, "பாப்பா, நீ லாரியில வடக்கே போறேன்னு நெனச்சுக்கோ" என்றார். "கர்னூல்ல துங்கபத்திரை வரும். அப்புறம் கிருஷ்ணா. அப்புறம் கோதாவரி. மூணும் பாலத்துக்கு அடியில வலது கைப் பக்கமாப் போகும். நாக்பூரைத் தாண்டி ரொம்ப தூரம் போனா நர்மதை வரும் பாரு, அது மட்டும் இடது கைப் பக்கம் போகும். பொழுது சாயற நேரத்துல பாலம் ஏறினா, தண்ணி சூரியனைத் தேடிக்கிட்டுப் போற மாதிரியே இருக்கும்."

அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் வருவதற்கு முன்னால் அவளுடைய இடது கை மேலே எழுந்தது. அப்புறம்தான் வாய் "நர்மதை" என்றது.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒருத்தருக்கு உலகத்து விஷயமெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது, இன்னொருத்தருக்கு இல்லை. ஏன்? நம் ஊரில் இதற்கு இருக்கும் ஒரே விளக்கம் "அவன் மண்டைக்காரன், இவன் மக்கு" என்பதுதான். அந்த விளக்கம் தப்பு. தப்பு என்பதோடு விட்டால் பரவாயில்லை, அது பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது. நானே காயப்பட்டவன்.

ஏழாவது படிக்கும்போது தர்மபுரியில் பள்ளிகளுக்கிடையே ஒரு வினாடி வினா. எங்கள் கிராமத்துப் பள்ளியிலிருந்து மூன்று பேர் போனோம். "ஒலிம்பிக் கொடியில் எத்தனை வளையங்கள்?" என்று கேட்டார்கள். டவுன் பிள்ளைகள் சிரித்தபடியே கை தூக்கினார்கள். எனக்கு ஒலிம்பிக் என்ற சொல்லே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. வீட்டில் டிவி இல்லை, செய்தித்தாள் இல்லை. பார்க்காத கொடியில் வளையத்தை எப்படி எண்ணுவது? திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "மனப்பாடம் பண்றதுக்குத்தான் லாயக்கு, பொது அறிவு சுத்தமாக் கிடையாது." முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஐந்து வளையம் என்பதும் மறக்கவில்லை, அந்த வாக்கியமும் மறக்கவில்லை.

சரி, உளவியல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 1939-இல் நியூயார்க்கில் டேவிட் வெக்ஸ்லர் பெரியவர்களுக்காக ஒரு நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார். அதில் ஒரு பகுதி முழுக்கப் பொது அறிவுக் கேள்விகள்தான். அந்தப் பகுதியில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் மற்றப் பகுதிகளிலும் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஏன் அப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1940-களிலேயே நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இதுவரை பார்க்காத ஒரு புதிரைக் கொடுத்தால் அந்த நிமிஷமே பிரித்துப் பார்த்து விடை காணும் திறன். இன்னொன்று, வருஷக்கணக்காகச் சேர்ந்து திரண்ட அறிவு. முதலாவதை ஒரு விதத்தில் முதலீடாகப் போட்டுத்தான் இரண்டாவதைச் சம்பாதிக்கிறோம் என்றார் அவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், முதலாவது கையில் இருக்கும் விதை, இரண்டாவது களத்துக்கு வந்து சேரும் தானியம். ஒரே விதையை ஆற்றோரத்து வயலில் போட்டவனும் பென்னாகரம் பக்கம் மானாவாரியில் போட்டவனும் ஒரே அளவு மூட்டை கட்ட முடியுமா? மூட்டையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு "உன் விதை சொத்தை" என்று சொல்வதைத்தான் நாம் பிள்ளைகளிடம் செய்துகொண்டிருக்கிறோம்.

1996-இல் பிலிப் ஆக்கர்மன் என்ற உளவியலாளர் இதை இன்னும் விரித்தார். திறன் மட்டும் போதாது, ஒருத்தருடைய குணமும் ஆசையும் சேர்ந்துதான் அந்த முதலீடு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது என்றார். எதைப் பார்த்தாலும் "இது என்ன, ஏன் இப்படி" என்று தோண்டுகிற குணம் இருப்பவர்களுக்குப் பொது அறிவும் அதிகமாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொன்று எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. புதிர் அவிழ்க்கும் வேகம் வயதாக ஆகக் குறைகிறது, ஆனால் திரண்ட அறிவு நடுத்தர வயதைத் தாண்டியும் வளர்கிறது. இருபது வயதில் பரீட்சையில் தோற்றவர் ஐம்பது வயதில் அறிவாளியாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இதோடு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அறிவு அறிவோடுதான் ஒட்டும். வெறும் சுவரில் சட்டையை மாட்ட முடியாது, ஆணி வேண்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சில மணி நேரம் உட்காருகிறேன். கடையெழு வள்ளல்களைச் சொல்லச் சொல்வேன். பாரி, காரி, ஓரி, பேகன், ஆய், நள்ளி, அதியமான். ஏழு பேரில் எங்கள் பிள்ளைகள் யாரும் அதியமானை விட்டதே இல்லை. தகடூர் என்பது நம் தர்மபுரி, பஸ்ஸில் போகும்போது அதியமான்கோட்டை என்று பலகை வருகிறது, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பாட்டி சொல்லியிருக்கிறாள். எத்தனை ஆணி பாருங்கள். விடுபடுவது எப்போதும் நள்ளிதான். ஒரு நாள் நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அவள் எடுத்த எடுப்பில் ஓரி என்றாள். கொல்லிமலை அவளுக்குப் பக்கம், வல்வில் ஓரி அவளுக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஏழு பெயரையும் ஒரே புத்தகத்தில் ஒரே வரியில்தான் எல்லோரும் படிக்கிறார்கள். ஒட்டுவது மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது.

இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள் அமெரிக்காவில், 1988-இல். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளைகள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை ஒரு சின்ன மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் திறன் குறைவு, ஆனால் பேஸ்பால் தெரியும் என்ற பிள்ளைகள், நன்றாக வாசிப்பார்கள் ஆனால் பேஸ்பால் தெரியாது என்ற பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். அதாவது வகுப்பில் "சரியா வாசிக்கத் தெரியல" என்று ஓரங்கட்டப்பட்டவர்கள், தெரிந்த விஷயம் என்றதும் முன்னால் வந்துவிட்டார்கள். "அதான் எல்லாம் மொபைல்ல இருக்கே, எதுக்குத் தெரிஞ்சு வெச்சுக்கணும்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் எதைத் தேடுவது என்று தெரியும், தேடி வந்ததும் புரியும்.

இப்போது என் மனசுக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். 1931, 32-இல் சோவியத் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கூடம் போகாத விவசாயிகளிடம் இப்படிக் கேட்டார்: "தூர வடக்கே, பனி இருக்கும் இடத்தில், கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" பலர் பதில் சொல்லவில்லை. நான் அங்கே போனதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்கிற விதமாகத்தான் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தாள். சாமை எப்போது விதைக்கலாம் என்று மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லுவாள். ஆனால் "டெல்லி எங்க ஆயா இருக்கு" என்றால், "போகாத ஊருக்கு நான் எப்படிடா வழி சொல்றது" என்பாள். அதை அறியாமை என்று சின்ன வயதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பொது அறிவு என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, நாம் பார்க்காததை யாரோ சொன்னார்கள் என்று நம்பி எடுத்துவைத்திருப்பதுதான். அப்படி நம்பி எடுத்துக்கொள்வதையே பள்ளிக்கூடம்தான் சொல்லிக்கொடுக்கிறது. போனவர்களுக்கு அது பழகிவிட்டது, போகாதவர்களுக்குப் பழகவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், தர்மபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி. அந்த இடைவெளியை மூளையின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

அதற்காக எல்லா அறிவும் ஒன்றுதான், எதுவும் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் பாட்டிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றித் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வங்கியில் கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏமாந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பொது அறிவு ஏழைக்குத்தான் அதிகம் வேண்டும். அதனால்தான் அது எப்படிச் சேருகிறது என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

ஆசை என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2014-இல் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஆட்களிடம் பொது அறிவுக் கேள்வியைக் காட்டுவார்கள். பதில் உடனே வராது, சில நொடி காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டுவார்கள். தெரிந்துகொள்ளத் துடித்த கேள்வியின் பதில் நன்றாக ஞாபகம் இருந்தது, அது யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் துடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடியில் பார்த்த முகம்கூட நன்றாக ஞாபகம் இருந்தது. ஆர்வம் வந்துவிட்டால் மனசு கதவை அகலத் திறந்துவிடுகிறது, பக்கத்தில் நிற்பதும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? ஆயிரம் கேள்வி, ஆயிரம் பதில், வரிசை எண் போட்டு அச்சடித்துக் கொடுக்கிறோம். கேள்வி தோன்றுவதற்கு முன்பே பதிலைத் திணிக்கிறோம். குரூப் 4-இல் 200 கேள்விகள், தமிழ் 100 போக மீதியில் பொது அறிவு 75. அந்த 75-க்காகத் தங்கச்சி மாதிரி லட்சக்கணக்கான பிள்ளைகள் வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார், அத்தை இருப்பார். அவர்கள் நடந்த வழி, செய்த வேலை, பார்த்த ஊர் எல்லாம் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அவர்களும் "நமக்கென்ன தெரியும்" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

எங்கள் சித்தப்பாவும் அன்று அப்படித்தான் எழுந்து போகப் பார்த்தார். நான் விடவில்லை. "சித்தப்பா, எல்லா ஆறும் அந்தப் பக்கம் போகும்போது நர்மதை மட்டும் ஏன் இந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பது வருஷமாப் பாக்கறேன். எனக்கும் அது தோணும். யாரைக் கேக்கறது?" என்றார்.

தங்கச்சி உள்ளே போய்ப் பள்ளிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். விந்திய மலைக்கும் சாத்பூரா மலைக்கும் நடுவே நிலம் இறங்கி உண்டான பள்ளத்தாக்கு, அதன் வழியாக ஆறு ஓடி அரபிக்கடலில் சேர்கிறது என்று வாசித்தாள். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். "ஆமாம்பா, மலை ஏறி இறங்கி, ஆத்தைத் தாண்டி, மறுபடி மலை ஏறணும். அதான் அங்க வண்டி அப்படித் திணறும்" என்றார். முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புத்தகத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தபதியும் அதே மாதிரியா பாப்பா? அதையும் படி."