முன்சோதனை, பின்சோதனை, அதற்குப் பிறகு?

பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கிற ஆசிரியர்கள் செயல்நிலை ஆய்வு (தங்கள் வகுப்பறையிலேயே ஆசிரியர் செய்யும் ஆய்வு) ஒப்படைக்க வேண்டிய காலம் நெருங்கினால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "சேர், விஞ்ஞானத்தில ஒரு தலைப்பு சொல்லுங்க." தலைப்பு பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கும். தரம் 9 மாணவர்களின் விஞ்ஞானப் பாட அடைவு மட்டத்தை இன்ன முறையால் மேம்படுத்தல். தரமும் முறையும் மட்டும் மாறும். ஒருவர் குழுச் செயற்பாடு என்பார், ஒருவர் எண்ணக்கரு வரைபடம் என்பார், இப்போது நிறையப் பேர் காணொளி என்கிறார்கள்.

இந்த ஆய்வுகளைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. காலையில் பாடசாலை, பின்னேரம் வீடு, சனி ஞாயிறு விரிவுரை என்று ஓடுகிற ஒரு ஆசிரியை, இரவில் விழித்திருந்து பிள்ளைகளின் விடைத்தாள்களை அட்டவணைப்படுத்துகிறார். அந்த உழைப்பு உண்மையானது. அந்த உழைப்பிலிருந்து அடுத்த பாடசாலைக்கு, அடுத்த ஆசிரியருக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பதுதான் என்னுடைய கேள்வி. வாசித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் நடக்கின்றன. முதலில் முன்சோதனை, பிறகு சில வாரம் புதிய முறையில் கற்பித்தல், கடைசியில் அதே வினாக்களோடு பின்சோதனை. புள்ளி ஏறியிருக்கும். ஒரு ஆசிரியர் சில வாரம் ஒரு அலகில் முழுக் கவனம் வைத்தால் எந்த வகுப்பும் ஏறத்தானே செய்யும்? ஏற்றியது அந்த முறையா, கூடுதல் கவனமா, ஒரே வினாத்தாளை இரண்டாம் தரம் கண்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளிடம் அதில் என்ன மிஞ்சியது என்று போய்க் கேட்பாரும் இல்லை.

1980களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைக்கேல் ஷேயரும் பிலிப் ஏடியும் ஒரு ஆய்வு செய்தார்கள். கீழ் இடைநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்தில் 30 பாடங்கள், கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒன்று. பாடத்திட்டத்தை வேகமாக முடிப்பது அவர்களின் நோக்கமில்லை. ஒரு சோதனையில் எந்த மாறியை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது, விகிதத்தை எப்படி யோசிப்பது என்று சிந்தனைக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். அது முடிந்த கையோடு வைத்த விஞ்ஞானச் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊரில் என்றால் அந்த இடத்திலேயே கோப்பை மூடி, முறை பயன் தரவில்லை என்று எழுதியிருப்போம். அவர்கள் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து, 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சையில் வித்தியாசம் வெளியே வந்தது. எல்லாக் குழுவிலும் ஒரே அளவில் இல்லை. ஆனால் விஞ்ஞானத்தோடு கணிதத்திலும் ஆங்கிலத்திலும் கூட அது தெரிந்தது. கற்றலை மேம்படுத்தும் ஆய்வு என்று சொல்வதானால் இவ்வளவு பொறுமையாவது வேண்டும்.

நம்முடைய ஆய்வுகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்று இருக்கும். பிள்ளை என்ன நினைக்கிறது என்று இருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள், சாதாரண தர வகுப்பு. ஒளித்தொகுப்பைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: வேளாண்மை (நெற்பயிர்) இவ்வளவு உயரமாக வளர்ந்து கதிர் தள்ளுகிறதே, அதற்கான பொருள் எங்கிருந்து வருகிறது? வகுப்பில் நிறையப் பேரின் பதில் ஒன்றுதான்: யூரியா. ஒரு பையன் எழும்பி விளக்கமே தந்தான். "யூரியாதான் சேர் அதுக்குச் சாப்பாடு. அது இல்லாத வருசம் எங்கட வேளாண்மையெல்லாம் மஞ்சளாப் போச்சு. நானே பாத்தன்."

அவன் பார்த்தது சரி. 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது இங்கே பெரும்போக நெல்லுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு வரம்பில் நின்று கண்ட காட்சி அது. அவனுடைய கையில் இருப்பது நல்ல அவதானம். அதிலிருந்து எடுத்த முடிவுதான் அரைகுறை. இதே பையன் பரீட்சையில் காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து குளுக்கோசும் ஒட்சிசனும் உண்டாகும் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதிப் புள்ளி வாங்குவான். சமன்பாடும் யூரியாவும் அவன் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்காமலே இருக்கும். எந்தப் பின்சோதனையும் அதைக் காட்டித் தராது.

சரி, கணக்குப் பார்ப்போம் என்றேன். ஏக்கருக்கு எத்தனை மூடை யூரியா? ரெண்டு சேர். நல்லா விளைந்தால் எத்தனை மூடை நெல்? இருபத்தைந்து வரும் சேர். வைக்கோல்? அதைக் கேட்டதும் வகுப்பு சிரித்தது. கரும்பலகையில் எழுதினோம். யூரியா 100 கிலோ, நெல் மட்டுமே 1,500 கிலோவுக்கு மேல். மிச்சம் எங்கிருந்து வந்தது? தண்ணி என்றாள் ஒரு பிள்ளை. காயப்போட்டு மூடை கட்டிய நெல்லில் எவ்வளவு தண்ணீர் கிடக்கும் என்று கேட்டதும் யோசித்தாள். அப்போ மண் என்றான் இன்னொருவன். அந்த இடத்தில்தான் 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மொன்டைக் கொண்டுவந்தேன். சுமார் 90 கிலோ மண்ணில் ஒரு சின்ன வில்லோ மரத்தை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். 2 கிலோ சொச்சமாக இருந்த கன்று 77 கிலோ அளவுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்தது வெறும் 57 கிராம். அவர் செத்த பிறகு, 1648 இல் அச்சான கணக்கு அது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்றுதான் அவரும் முடிவு செய்தார். மரத்தின் காய்ந்த பொருளில் பெரும்பங்கு வளியிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறது; அந்த வளியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

வளி என்றதும் பின்வாங்கிலிருந்து வந்தது அடுத்த கேள்வி. "காத்துக்குப் பாரம் இல்லையே சேர்?"

அன்றைய பாடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல் அந்தக் கேள்விதான். வளிக்குத் திணிவு உண்டு என்பதைக் கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளைகள். அதை நம்பாதவரை ஒளித்தொகுப்புச் சமன்பாடு அவர்களுக்கு வெறும் எழுத்துத்தான். பிறகுதான் யூரியாவுக்கு உரிய இடத்தைக் கொடுக்க முடிந்தது. அதிலுள்ள நைதரசன் இல்லாமல் பயிர் புரதமும் பச்சையமும் போதியளவு ஆக்காது, அதனால்தான் மஞ்சளாகிறது, பச்சையம் குறைந்தால் உணவு தயாரிப்பதும் குறையும். பையன் வயலில் கண்டதும் பாடப்புத்தகத்தில் இருந்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தின.

இங்கிலாந்தின் லீட்ஸில் விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் ரொசலிண்ட் டிரைவர் செய்த வேலையின் அடிப்படை இதுதான். பிள்ளை வெறுந்தலையோடு வகுப்புக்கு வருவதில்லை, ஏற்கெனவே ஒரு விளக்கத்தோடுதான் வருகிறது. அந்த விளக்கங்களைத் தலைப்பு வாரியாகச் சேகரித்து, கற்பித்தலை அதிலிருந்து தொடங்கினார்கள். அங்கே சேர்த்த பட்டியல் நமக்கும் உதவும். ஆனால் யூரியாவைப் பற்றிப் போரதீவுப் பிள்ளை என்ன நினைக்கிறது, வாவியில் உப்பு ஏன் மாரிக்குக் குறைகிறது என்று ஓட்டமாவடிப் பிள்ளை எப்படி விளக்குகிறது, கருவாட்டுக்கு உப்பு ஏன் போடுகிறோம் என்று கேட்டால் திருக்கோவில் பிள்ளை என்ன சொல்லும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் வசதி எங்கே என்று சில நண்பர்கள் கேட்பார்கள். ஆய்வுகூடம் வேண்டும், உபகரணம் வேண்டும், அதை நான் மறுக்கவே மாட்டேன். உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்குப் போக எத்தனை கிலோமீற்றர் என்று படுவான்கரைப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், கோபம் வரும். ஆனால் காசு இல்லாமலே நடக்கக்கூடியதும் இருக்கிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கனுக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். 1970களில் வெளிவந்த முடிவு இது. நம் வகுப்புகளில் எத்தனை செக்கன் காத்திருக்கிறோம் என்று ஒரு கைபேசியை மேசையில் வைத்துவிட்டால் தெரிந்துவிடும். அதுவே ஒரு நல்ல செயல்நிலை ஆய்வு.

ஆசிரியர்கள் அவசரப்படுவதற்கும் காரணம் உண்டு. பாடத்திட்டத்தை முடித்தாயா, சித்தி வீதம் எத்தனை என்றுதான் மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள். பிள்ளை காற்றுக்குப் பாரம் உண்டென்று நம்புகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ரியூசனில் கடந்தகால வினாத்தாள் ஓடுகிறது, பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்த நிலையில் தனி ஒரு ஆசிரியரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஆனால் ஆய்வு நடக்கும் இடங்களை மாற்றலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன, திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. இங்கெல்லாம் மேற்பார்வை செய்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. விஞ்ஞானத்தில் ஆய்வு செய்யும் ஒவ்வொருவரும், அலகைத் தொடங்கும் முன் பிள்ளைகள் சொன்ன விளக்கங்களை அவர்களின் சொந்த வாயாலேயே, பிழையைத் திருத்தாமல், பின்னிணைப்பாகச் சேர்க்கட்டும். அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து, பிள்ளையின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எடுத்துவிட்டு, எல்லா ஆசிரியரும் பார்க்கக்கூடிய ஒரு இடத்தில் வையுங்கள். முடிந்தால் அடுத்த வருடம் அதே பிள்ளைகளிடம் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள். இப்போது நூலக அலுமாரியில் கிடக்கும் ஆய்வுகளைவிட இந்தப் பக்கங்கள் வகுப்பறைக்கு அதிகம் வேலை செய்யும்.

அடுத்த தவணைக்கு நான் மின்னோட்டத்தை எடுத்திருக்கிறேன். மின்குமிழுக்கு முன்னால் ஓடும் மின்னோட்டம் கூடவா, பின்னால் ஓடுவது கூடவா, இரண்டும் ஒன்றா, ஏன்? இந்தக் கேள்வியைப் பாடத்துக்கு முன் கொடுத்து, பிள்ளைகள் எழுதும் காரணங்களை அப்படியே சேர்க்கப்போகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரம் 9 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் சேர விரும்பினால் உள்பெட்டியில் எழுதுங்கள். கேள்வித்தாளை அனுப்புகிறேன், விடைகளைச் சேர்ந்து வாசிப்போம்.