மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

"ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மூணாம் மாசத்துல ஆரம்பிச்சா போதும், அதுவரை கீரை சாப்பிடுங்க" என்று கர்ப்பிணிகளுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். (ஃபோலிக் ஆசிட் ஒரு பி வைட்டமின்.) கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரை விஷயத்தில் இது தவறு.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து டெஸ்ட் எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. மூன்றாம் மாதம் ஆரம்பித்தால், அந்தக் குழாய் சரியாக மூடாமல் போகும் குறையைத் தடுக்க முடியாது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்த பெண்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1991இல் வெளியானது. தினம் 4 மில்லிகிராம் கொடுத்ததில் மறுபடி வரும் வாய்ப்பு 72% குறைந்தது. (அந்த அளவு அவர்களுக்கு மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால்.)

அப்புறம் கீரை. அதிலுள்ள ஃபோலேட் (ஃபோலிக் ஆசிடின் இயற்கை வடிவம்) சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு கணிசமான பகுதி போச்சு.